பனி உருகிடும், உப்பு எங்க போகும்?

நாங்க இருக்கற நியூயார்க் மாநிலத்துல டிசம்பர் வந்தாலே பனி உருக ரோட்டுல உப்பு கொட்டற லாரி சத்தம்தான் ராத்திரி பூரா. காலைல ரோடு கறுகறுன்னு தார் தெரியணும், தெரியலைன்னா போன் போட்டுத் திட்டறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு, நானும் அதுல ஒருத்தனாத்தான் இருந்தேன்.

போன ஜூலைல அடிரோண்டாக் மலைல லேக் பிளாசிட் பக்கம் போயிருந்தோம். 1980 வின்டர் ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். அந்த சமயத்துலதான் அங்க மணலை விட்டுட்டு உப்பைக் கொட்டற பழக்கம் கெட்டியா பிடிச்சுது. ரூட் 73-ல காஸ்கேட் ஏரிங்க ரோட்டை ஒட்டியே கிடக்கு, அந்த ரோட்டோரத்துல பிர்ச் மரங்க வருஷக்கணக்கா பட்டுப்போயிட்டே வருதாம்.

மழை பெஞ்சா எல்லாம் அடிச்சுட்டுப் போயிடும்னு கூட வந்தவர் சொன்னாரு. எங்கங்க போகும்? உப்புல இருக்கற குளோரைடு மக்காது, மண்ணுல ஒட்டாது, அது பாட்டுக்கு நிலத்தடித் தண்ணில இறங்கி அங்கேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ஓடைக்குக் கசிஞ்சு வரும், அதனால ஒரு பொட்டுப் பனி இல்லாத கோடைலயும் ஓடைத் தண்ணில உப்பு இருக்கும். ரோடு இல்லாத அடிரோண்டாக் ஓடைல குளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் கூட இருக்காது. தொடர்ந்து 230 தாண்டினா நீர்வாழ் உயிருக்குக் கெடுதல்னு அமெரிக்க சுற்றுச்சூழல் துறை 1988-லயே சொல்லிடுச்சு. ஒரு டீஸ்பூன் உப்பு போதும், 15 லிட்டர் தண்ணி அந்த அளவுக்கு வந்துரும்.

லேக் பிளாசிட் ஊருக்கு நடுவுல இருக்கற மிர்ரர் லேக் கதைதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. வசந்தகாலத்துல ஏரித் தண்ணி மேலயும் கீழயும் புரண்டு கலக்கணும், அப்பதான் அடித் தண்ணிக்கு ஆக்சிஜன் போகும். உப்புத் தண்ணி கனம்ங்கறதால அடிலயே படுத்துக்குச்சு, சில வருஷம் ஏரி சரியா கலக்கவே இல்ல. வெயில் காலத்துல குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போற லேக் ட்ரவுட் மீனு அங்க போனா மூச்சுக்கு வழியில்ல, மேல வந்தா சூடு, பாவம் அது எங்கதான் போகும்?

உடனே மாத்து கெமிக்கல் போடலாமேன்னு கேப்பீங்க. மெக்னீசியம் குளோரைடும் குளோரைடுதானே சாமி. பீட்ரூட் ஜூஸ் கலந்தா அது அழுகறப்போ ஆக்சிஜனைத் தின்னும், மணலைக் கொட்டினா ஓடை அடில படிஞ்சு மீன் முட்டையை மூடிடும். லாரி ஓட்டறவங்களையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன், விடிகாலை 3 மணிக்கு அந்த மலைல வண்டி ஓட்டறது விளையாட்டு இல்ல. பனி விழறதுக்கு முன்னாடியே உப்புக் கரைசலைத் தெளிச்சு வெச்சா உப்பு நிறைய மிச்சமாகும், மைனஸ் 9 டிகிரிக்குக் கீழ சாதா உப்பு பெருசா வேலையும் செய்யாது. அதெல்லாம் ரோட்டைப் பாத்துக்கற துறைக்கு நல்லாவே தெரியும், 2020-ல அடிரோண்டாக்ல உப்பைக் குறைக்கன்னே சட்டமும் போட்டாச்சு. தெரியாதது நமக்குத்தான், ஜனவரிலயும் 60 மைல் வேகத்துல போயே ஆகணும்னு நிக்கறோம், 40-ல போனா என்ன குடி முழுகிடும்?

என் வீட்டு வாசல்லயும் கோழிக்குத் தீனி போடற மாதிரி கை கையா வீசிட்டு இருந்தவன்தான் நான். ஒரு காபி மக் அளவு போதும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப மொதல்ல ஷவல்தான், முதுகு வலிக்குது, மக் மட்டும் கராஜ் ஆணில தொங்குது.