கையை நகர்த்தினாலே வெட்டா?

நேற்று ராத்திரியும் கிராஹிம் என் கத்தியைப் பிடுங்கிக்கொண்டான். ஸ்கைவர்ட் ஸ்வோர்ட் என்ற வீடியோ கேமில், கையிலிருக்கும் கன்ட்ரோலரை வீசினால் திரையில் கத்தி வீசும். அதை ஆடியவர்களுக்கு அந்த வெள்ளைமுடி வில்லனைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஸ்கைவியூ கோயிலின் கடைசி அறையில் நிற்பானே, அவனேதான்.

அவனை எப்படி அடிப்பது என்று எல்லோருக்கும் தெரியும். நம் கத்தி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே கையைக் கொண்டுவந்து காத்திருப்பான். கத்தியை ஒரு பக்கம் காட்டி அவன் கையை அங்கே வரவைத்துவிட்டு, சட்டென்று எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். அருமையான யோசனை. ஆனால் வலப்பக்கம் இருக்கும் கையை இடப்பக்கம் கொண்டுபோனால்தானே அங்கிருந்து வெட்ட முடியும்? அப்படிக் கொண்டுபோவதையே வெட்டு என்று எடுத்துக்கொள்கிறது இந்தக் கேம்! நான் இன்னும் வெட்டவே இல்லை. கையை நகர்த்தினேன், அவ்வளவுதான். திரையில் நாயகன் லிங்க் கத்தியை வீசிவிட்டான், நேராகக் கிராஹிமின் விரல்களுக்கு நடுவில். பிடித்தான். பிடுங்கினான். அப்புறம் என் கத்தியையே என்மேல் எறிந்தான்.

சரி, மெதுவாக நகர்த்துவோம் என்றால் அவன் கையும் கூடவே வருகிறது. கொஞ்சம் வேகம் கூட்டினால் அது வெட்டு. மறுபடியும் பிடித்தான், மறுபடியும் பிடுங்கினான். ஒருவழியாகச் சரியான வேகம் பிடிபட்டு, இதோ வெட்டப்போகிறேன் என்ற நொடியில் கை அசைவை உணரும் கைரோ விலகிவிட்டது. என் மணிக்கட்டு நேராக இருக்கிறது, கத்தி எங்கோ பார்க்கிறது! ஒய் பட்டனைத் தட்டி நடுவுக்குக் கொண்டுவருவதற்குள் உயிரைக் காட்டும் ஹார்ட் போய்விட்டது.

2011-இல் நிண்டெண்டோவின் வீ கருவியில் வந்தபோது, அசைவைத் துல்லியமாக உணரும் மோஷன்பிளஸ் இல்லாமல் இதை ஆடவே முடியாது. 2021-இல் அவர்களின் ஸ்விட்ச் கருவிக்கு மாற்றினார்கள். பத்து வருஷம்! கையை நகர்த்துவதற்கும் வெட்டுவதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அது போதாதா?

‘பட்டனில் ஆடேன்’ என்று யாரும் சொல்ல வேண்டாம். பட்டனில் ஆடினால் வலது ஸ்டிக்தான் கத்தி. சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் எல் பட்டனை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். சண்டை நடுவில் அதைச் செய்து பாருங்கள், தெரியும். அதுவும் போக, டெகு பாபா என்ற செடி அரக்கன் நெடுக்கே வாய் திறந்தால் நெடுக்கே, குறுக்கே திறந்தால் குறுக்கே என்று கையை வீசி வெட்டும் சுகத்துக்காகத்தானே இதை வாங்கினேன்! கையைத் தலைக்குமேல் தூக்கியதும் கத்தியில் ஒளி ஏறுகிறதே, அது வேறு எந்தக் கேமில் கிடைக்கும்? இவ்வளவு நல்ல விஷயத்தை இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்களே என்றுதான் வயிறு எரிகிறது.

அப்புறம் அந்த அமீபோ! கேமில் தரையில் நினைத்த இடத்திலிருந்து வானத்துக்குப் போய்வரும் வசதியைத் தனியாக விற்கிற ஒரு பொம்மைக்குள் பூட்டி வைத்தது யார் யோசனை? பொம்மை வாங்காதவன் மேலே போகப் பறவைச் சிலை இருக்கும் இடம்வரை ஓடித்தான் ஆக வேண்டும். முழு விலை கொடுத்து வாங்கிய கேம் ஐயா இது!