அந்த 25 கோடி யார் கைக்குப் போனது?

ஆப்பிரிக்கக் கலைஞர்களைப் பற்றிப் பேச்சு வந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகக் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த இரண்டு நிமிட வீடியோத் துண்டை இதுவரை பதினோரு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். அதில் நாலு பேர் சிரிப்பு பொம்மையோடு. சரி, எழுதிவிடுகிறேன்.

கூட்டத்தில் பேசிய அண்ணன் திரையில் கானா நாட்டு ஓவியர் அமோவாக்கோ போவாஃபோவின் ஓவியத்தைக் காட்டி, "ஒரு படம் 25 கோடி. இன்னும் ஆப்பிரிக்கக் கலைஞனுக்கு அநியாயம் நடக்குதுன்னு அழுதுகிட்டே இருந்தா எப்படி?" என்றார். அரங்கமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதற்குத்தான் கமெண்டில் எனக்கு "உம்மணாமூஞ்சி" பட்டம்.

தொகை சரிதான். 2021 டிசம்பரில் ஹாங்காங்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் அவருடைய 'ஹேண்ட்ஸ் அப்' 34 லட்சம் டாலருக்குப் போனது, அன்றைய மதிப்பில் சுமார் 25 கோடி ரூபாய். ஆனால் ஏலத்துக்கு வருகிற படம் பெரும்பாலும் ஓவியர் வீட்டிலிருந்து வருவதில்லை, அண்ணே. முன்பே வாங்கி வைத்தவர் கொண்டுவந்து விற்கிறார். விலை ஏறியது படத்துக்கு, ஓவியருக்கு அல்ல.

அதற்கு முன், 2020 பிப்ரவரியில், லண்டன் பிலிப்ஸ் ஏலத்தில் 'தி லெமன் பேதிங் சூட்' வந்தது. 30,000 முதல் 50,000 பவுண்டு வரை போகும் என்று மதிப்புப் போட்டிருந்தார்கள். 6,75,000 பவுண்டுக்குப் போனது. முந்தைய ஆண்டுதான் வரைந்த படம், பெயின்ட் வாசனைகூடப் போயிருக்காது. விற்றவர் ஒரு சேகரிப்பாளர். போவாஃபோ முகங்களைத் தூரிகையால் வரைவதில்லை, விரலால் வரைகிறார். பழுப்புக்குள் நீலத்தை இழுத்துக் கன்னத்தில் சுழித்துவிட்ட தடம் அப்படியே தெரியும். விரல் அவருடையது, காசோலை இன்னொருவர் பெயரில்.

"மறுவிற்பனையில் ஓவியருக்கும் ஒரு பங்கு, ராயல்டி உண்டே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பிரிட்டனில் உண்டு. ஆனால் எத்தனை கோடிக்குப் போனாலும், அந்த லண்டன் ஏலம் நடந்த 2020-ல் உச்சவரம்பு 12,500 யூரோதான். அதுவும் அவர்கள் பட்டியலில் உள்ள நாட்டுக்காரராக இருந்தால். அமெரிக்காவில் அப்படி ஒரு தேசியச் சட்டமே கிடையாது. முதல் விற்பனையிலாவது காசு வந்ததே என்பீர்கள். வந்தது. கானாவின் தலைநகர் அக்ராவில் மற்ற கலைஞர்கள் தங்கி வேலை செய்ய ஓர் இடமே அமைத்திருக்கிறார், நல்ல மனுஷன். ஆனால் ஒருவர் தப்பித்து மேலே வந்ததைக் காட்டி, கிணறே இல்லை என்பீர்களா?

கிணறு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இத்தாலியின் வெனிஸில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கண்காட்சிக்கு பினாலே என்று பெயர். 2023 கட்டடக்கலை பினாலேவுக்குக் கியூரேட்டர், அதாவது காட்சியைத் தொகுத்தவர், லெஸ்லி லோக்கோ, கானாவை வேராகக் கொண்டவர். கண்காட்சியின் மையமே ஆப்பிரிக்கா. பங்கேற்றவர்களில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவையும் அதன் புலம்பெயர்ந்தோரையும் சேர்ந்தவர்கள். ஆனால் அக்ராவிலிருந்து அவரோடு உழைத்த மூன்று பேருக்கு இத்தாலி விசா தர மறுத்துவிட்டது. ஆப்பிரிக்கா வேண்டும், ஆப்பிரிக்கர் வேண்டாம்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் மூன்று வாரம் லித்தோகிராபி (கல் அச்சு ஓவிய) பட்டறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டிக்கெட், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அப்பா வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ், மனைவி வேலை பார்க்கும் பள்ளியின் கடிதம் எல்லாம் கட்டிக் கொடுத்தேன். பாஸ்போர்ட் பழுப்புக் கவரில் திரும்பி வந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் பிரித்தேன். நான் ஊர் திரும்புவேன் என்ற நம்பிக்கை அவர்களுக்கு ஏற்படவில்லையாம். வீட்டில் என் நாலு வயது மகள், வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டிமேல் ஏறி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். என் கதையும் அவர்கள் கதையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அந்தக் கவரின் கனம் எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

"அவங்க அரசாங்கமே கண்டுக்கல, வெள்ளைக்காரனை எதுக்குத் திட்றே?" என்று சிலர் கேட்கலாம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2015 வெனிஸ் பினாலேவில் கென்யாவின் அரங்குக்கு அறிவித்த பட்டியலில் பெரும்பாலோர் சீனர்கள். கென்யக் கலைஞர்கள் கொதித்த பிறகுதான் அரசு கைகழுவியது. வெட்கக்கேடுதான். ஆனால் அதைச் சொல்லி 25 கோடிக் கணக்கை மூடாதீர்கள்.

"திறமை இருந்தால் உலகம் தேடி வரும்" என்பவர்களுக்குப் பதில் சொல்லக்கூட அலுப்பாக இருக்கிறது. தேடி வந்த லட்சணம் தெரியாதா? 1910-ல் ஃப்ரொபீனியஸ் என்ற ஜெர்மானியர் நைஜீரியாவின் இஃபே நகரில் அற்புதமான உலோகத் தலை ஒன்றைப் பார்த்துவிட்டு, இதைக் கறுப்பர்கள் செய்திருக்க முடியாது, அட்லாண்டிஸ்காரர்கள் செய்தது என்றார். 2017-ல் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் கடலில் மூழ்கிய கப்பலின் புதையல் என்று ஒரு கற்பனைக் கதை கட்டி, வெனிஸில் இஃபே தலை போலவே ஒரு தங்கத் தலையை வைத்தார். அந்த ஆண்டுதான் நைஜீரியாவுக்கு பினாலேவில் முதல் அரங்கு. அதில் பங்கேற்ற நைஜீரியக் கலைஞர் விக்டர் எஹிகமெனோர் பொறுக்காமல் இன்ஸ்டாகிராமில் எழுதினார்: இதை முதன்முறையாகப் பார்க்கிறவர்களுக்கு இஃபே ஞாபகமே வராது என்று. அவரையும் யாராவது உம்மணாமூஞ்சி என்றார்களோ என்னவோ.

கூட்டம் முடிந்து அண்ணனிடமே போய்க் கேட்டேன்: "அந்தப் படத்தை வித்தது யார்ணே?"

"அதெல்லாம் பிசினஸ், தம்பி" என்று தோளில் தட்டிவிட்டு போட்டோ எடுக்கப் போய்விட்டார். இது மட்டும் அந்த வீடியோத் துண்டில் இல்லை.