வாசலோடு முடிந்துவிடும் பொறுப்பு

ஒரு நகரத்தில் படகுக் கண்காட்சி நடக்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்துவிட்டால், விளம்பரங்கள் எல்லாவற்றிலும் ஒரே பல்லவிதான்: காலையில் கண்காட்சி, மதியம் மீன் காட்சியகம், பிற்பகலில் அருங்காட்சியகக் கப்பல், பொழுது சாயும் வேளையில் துறைமுகத்தைச் சுற்றி ஒரு படகுச் சவாரி, எல்லாமே நடந்து போகும் தொலைவில். இதை எழுதியவர் ஒருமுறையாவது கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பாரா என்பதில் எனக்குத் தீராத சந்தேகம் உண்டு. வீட்டில் திட்டம் போடும் வேலை யார் தலையில் விழுகிறதோ, அவருக்கு இந்த நான்கு இடங்களையும் ஒரே நாளில் கோப்பதற்கு வேண்டிய தகவல் எந்த ஓர் இடத்திலும் கிடைப்பதில்லை. கண்காட்சிக்காரர்கள் தங்கள் வாசல் வரை பேசுவார்கள். அருங்காட்சியகத்தார் தங்கள் வாசல் வரை பேசுவார்கள். ஃபெர்ரி நடத்துபவர்கள் தங்கள் படகுத்துறை வரை பேசுவார்கள். ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவே பார்வையாளர் வெயிலிலும் மழையிலும் நடக்க வேண்டிய பகுதி யாருடைய கணக்கிலும் இல்லை.

கண்காட்சி எங்கே நடக்கிறது என்ற கேள்விக்கே நேரான விடை கிடைப்பதில்லை. படகுக் கண்காட்சி என்றால் எல்லா ஊரிலும் ஒரே அமைப்பு அன்று. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் 1969 முதல் நடந்துவரும் கண்காட்சி ஜனவரிக் குளிரில், முழுக்கக் கூரைக்குக் கீழே, பெரிய அரங்குகளுக்குள் நடைபெறுகிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் செப்டம்பரில் நடப்பது தண்ணீரில் மிதக்கும் மேடைகளைச் சுற்றி அமைந்தது. சிட்னியில் ஒரு பகுதி அரங்கிலும் மறுபகுதி டார்லிங் துறைமுகத்தின் நீரிலும் வைக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் 1959இல் தொடங்கிய கண்காட்சியோ பல இடங்களில் பரவிக் கிடப்பது. அவற்றுக்கிடையே நீர் டாக்சியும் பேருந்தும் ஓடுகின்றன. ஆகவே, கண்காட்சி அரங்கிலா, நீரிலா, இரண்டிலுமா, ஓரிடத்திலா, ஐந்திடத்திலா என்பதைப் பொறுத்துத்தான் செருப்பிலிருந்து குடை வரைக்கும், சாப்பாட்டு நேரத்திலிருந்து குழந்தையின் தள்ளுவண்டி வரைக்கும் அத்தனையும் முடிவாகும். ஆனால் நமக்கு வந்து சேரும் அறிவிப்பில் ஒற்றை முகவரி மட்டுமே இருக்கும். எந்த நுழைவாயில், ஒரே சீட்டு இரண்டு பகுதிக்கும் செல்லுமா, ஒரு பகுதியிலிருந்து வெளியே வந்தால் மீண்டும் உள்ளே விடுவார்களா, இடைவழி வண்டிக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை தேடினால், பொத்தானை அழுத்தும் இடமெல்லாம் சீட்டு வாங்கும் பக்கத்துக்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

தேதியைப் போட்டு ஆண்டைப் போடாமல் விடும் பழக்கத்தைப் பற்றி என்ன சொல்வது! படகுக் கண்காட்சிகள் இடம் மாறும், மாதம் மாறும், நின்றும் போகும். லண்டனில் 1955 முதல் நடந்துவந்த கண்காட்சி 2018 ஜனவரியில் நடந்தது. 2019ஆம் ஆண்டுக்கானதைக் கைவிட்டுவிட்டார்கள். அத்தனை பழைய ஒன்றே நின்றுபோகக்கூடும் என்றால், சென்ற ஆண்டின் தேதியை அழிக்காமல் வைத்திருக்கும் ஓர் அறிவிப்பை நம்பி ஒருவர் விடுதி அறைக்குப் பணம் கட்டுவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று அவர்களுக்குத் தெரியாதா?

என்னை மிகவும் கொதிக்க வைப்பது கடலின் ஏற்றவற்றம், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் உயர்ந்து தாழ்வது, பற்றிய மௌனம். கரையிலிருந்து மிதவை மேடைக்கு இறங்கும் ஏறுபாலத்தின் ஒரு முனை கரையில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. மறுமுனை மேடையோடு சேர்ந்து நீர்மட்டத்தின்படி ஏறி இறங்குகிறது. ஏற்றத்தின் போது அந்தப் பாலம் ஏறக்குறையச் சமதளமாக இருக்கும். ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம் கழித்து வற்றம் வரும்போது அதே பாலம் செங்குத்தான சரிவாகிவிடும். ஜெனோவா போன்ற மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் ஏற்றவற்றம் மிகக் குறைவு என்பதால் இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. சவுத்தாம்ப்டனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஏறக்குறைய 4 மீட்டர். சக்கர நாற்காலியில் வருபவருக்கும், முழங்கால் வலியோடு வரும் பெரியவருக்கும், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும் தாய்க்கும், காலை பத்து மணிக்குப் போவதா பிற்பகல் மூன்று மணிக்குப் போவதா என்பதை இந்த ஒரு தகவலே தீர்மானிக்கிறது. இதைக் கண்டுபிடிப்பதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை; ஏற்றவற்ற அட்டவணைகள் ஆண்டுக் கணக்கில் முன்கூட்டியே கணிக்கப்படுபவை, ஏற்பாட்டாளர்கள் படகுகளைக் கொண்டுவந்து நிறுத்துவதே அந்த அட்டவணையைப் பார்த்துத்தான். படகுக்குப் பார்த்த நேரத்தை மனிதருக்கு ஒரு வரியில் அச்சிட்டுத் தருவதற்கு மட்டும் மனம் வருவதில்லை. கடல் தன் நேரத்தை ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. கண்காட்சிக் குழுவோ உணவுக்கூடம் மூடும் நேரத்தைக்கூட முந்தைய நாள் வரை சொல்வதில்லை.

உள்ளே போன பிறகாவது படகைப் பார்க்க முடியுமா என்றால், அதற்கும் தனி விதிகள் உண்டு. தேக்குப் பலகைத் தளம் கீறிவிடும் என்பதால் பெரும்பாலான படகுகளில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அது நியாயமே, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கயிறு கட்டிய காலணியும் இறுக்கமான காலுறையும் அணிந்து வந்தவர் ஒவ்வொரு படகுக்கும் குனிந்து நிமிர வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் எளிதான செருப்போடு வந்திருப்பாரே. பெரிய சொகுசுப் படகுகளுக்கோ முன்பதிவு கேட்பார்கள், சில வேளைகளில் வாங்கும் எண்ணம் உண்டா என்றும் விசாரிப்பார்கள். விற்பனைக்காகத்தான் கண்காட்சி என்பது எல்லோருக்கும் தெரியும்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விளம்பரப் படத்தில் போடுவது எந்தப் படகையோ, அதே படகின் அருகில் கயிறு கட்டி நம்மைக் கரையிலேயே நிறுத்தி வைப்பதுதான் வெட்கக்கேடு. (கழிப்பறை பற்றியும் ஒரு வார்த்தை: நூறு படகுகளில் நூறு கழிப்பறைகள் இருந்தாலும் பார்வையாளருக்கு ஒன்றும் திறக்காது. வரைபடத்தில் விற்பனை நிறுவனங்களின் கடை எண்கள் அத்தனையும் இருக்கும், கரையிலுள்ள கழிப்பறையைத் தவிர.)

அக்கம்பக்கத்து இடங்களின் கதை இதற்குச் சற்றும் குறைந்ததன்று. சிட்னியின் கடல்சார் அருங்காட்சியகத்தில் வாம்பயர் என்ற போர்க்கப்பலும் ஆன்ஸ்லோ என்ற நீர்மூழ்கியும் நிற்கின்றன. ஜெனோவாவில் 1992இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்துக்கு அருகிலேயே நசாரியோ சவுரோ நீர்மூழ்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. கண்காட்சிக்கு வந்தவர் இவற்றையும் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் நீர்மூழ்கி என்பது செங்குத்தான படிகளும், காலைத் தூக்கி உடலைக் குறுக்கி நுழைய வேண்டிய வட்டக் கதவுகளும், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நகரக்கூடிய நடைவழியும் கொண்டது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது; மூட்டு வலிக்காரருக்கு ஆகாது; பை பெரிதாக இருந்தால் வெளியே வைக்க வேண்டும். இத்தனையும் பணம் கட்டிய பிறகு வரும் மின்னஞ்சலின் அடியில், சின்ன எழுத்தில்தான் தெரியவருகின்றன. மீன் காட்சியகங்கள் பலவற்றில் நுழைவு நேரத்தையே சீட்டில் குறித்துவிடுகிறார்கள். கண்காட்சியின் பாதுகாப்புச் சோதனை வரிசை எவ்வளவு நீளும் என்பதை யாரும் சொல்லாதபோது, இரண்டு மணிக்கு அங்கே இருப்பேன் என்று எந்தத் துணிவில் ஒருவர் பணம் கட்டுவார்? மூடும் நேரம் ஐந்து மணி என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுக் கடைசி நுழைவு நான்கு மணி என்பதை மறைத்து வைப்பதும் இதே வகைதான்.

கண்காட்சி நாள்களில் துறைமுகக் கரை வழக்கமான கரையாகவும் இருப்பதில்லை. நடைபாதையில் வேலி வரும், கார் நிறுத்துமிடம் கண்காட்சிக்காரருக்கு ஒதுக்கப்படும், வழக்கமான ஃபெர்ரி துறைக்குப் போகும் வழி சுற்றுவழியாகும். "நடந்து போகும் தொலைவு" என்று எழுதியவர் அந்த வேலி இல்லாத நாளின் வரைபடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். மாலையில் கண்காட்சி மூடும்போது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே படகுத்துறைக்கு வந்து குவிவார்கள் என்பது ஏற்பாட்டாளர்களுக்கும் தெரியும், ஃபெர்ரி நடத்துபவர்களுக்கும் தெரியும். இரு தரப்பும் பேசிவைத்துக் கடைசிப் படகின் நேரத்தையும், அது நிரம்பிவிட்டால் மாற்று வழி என்ன என்பதையும் நுழைவுச்சீட்டின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கலாம். அந்தப் பின்பக்கத்தில்தான் இப்போது படகுக் காப்பீட்டு விளம்பரம் இருக்கிறதே.