அந்தப் பெயரை நாம் சொல்லலாம்

எங்கள் பிள்ளைகள் சிலர் இன்ஸ்டாவில் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'பறையன்' என்று போட்டுக்கொள்கிறார்கள். டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போடுகிறார்கள், பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். இதை வைத்து எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போன வாரம் பெரிய சண்டை. "இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான்டா நாங்க ஊரை விட்டே வந்தோம், அதை நீ நெஞ்சுல எழுதிட்டு அலையிறியா?" என்று பெரியப்பா கேட்டார். "நீங்க ஒளிஞ்சீங்க தாத்தா, அவங்க சொல்றத நிறுத்துனாங்களா?" என்று அக்கா மகன் திருப்பிக் கேட்டான். அதோடு இரண்டு பேர் குழுவிலிருந்து வெளியே போய்விட்டார்கள்.

நான் பிள்ளைகள் பக்கம். ஆனால் பெரியப்பா பேசியதை வெறும் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. டீக்கடையில் தனி கிளாஸில் குடித்தவர் அவர். அந்த வார்த்தை தெருவில் எப்படி விழும், விழுந்த பிறகு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் நாலு வரியில் முடிக்காமல் நீளமாக எழுதுகிறேன்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 130 வருடங்களுக்கு முன்பே ஒரு குடும்பத்துக்குள் இது நடந்திருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் சென்னையில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. அந்தக் காலத்தில் அந்தப் பெயரை அட்டையில் அச்சடித்து, காசு கொடுத்து வாங்கிக் கையில் வைத்துப் படிப்பது என்றால் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய சகோதரி தனலட்சுமியை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். மைத்துனர்கள் இருவரும் ஒரே மக்களுக்காக உழைத்தவர்கள். ஆனால் பெயர் விஷயத்தில் நேர் எதிர்.

பண்டிதருக்கு அந்தப் பெயரே ஆகாது. நம் முன்னோர் பௌத்தர்கள், அவர்களை வீழ்த்தியவர்கள் இழிவுபடுத்துவதற்காகச் சூட்டிய பெயர் அது என்பது அவர் வாதம். 1891-ல் அவர் தொடங்கிய அமைப்பு திராவிட மகாஜன சபை, 1907-ல் தொடங்கிய வார இதழ் 'ஒரு பைசாத் தமிழன்'. தமிழன், திராவிடன், பூர்வ பௌத்தன் என்று எத்தனையோ பெயர்களை அவர் எடுத்துக்கொண்டார். இதை மட்டும் எடுக்கவில்லை. எதிரி எழுதிய பொய்க் கணக்கில் நாமே போய்க் கையெழுத்துப் போடுவதா என்ற கேள்வி அதில் இருக்கிறது. நியாயமான கேள்விதான்.

சீனிவாசன் வேறு இடத்தில் நின்று பார்த்தார். 1939-ல் வெளியான தன் சுருக்கமான வாழ்க்கை வரலாற்றில் காரணத்தை அவரே சொல்லியிருக்கிறார். 'நான் பறையன்' என்று ஒருவன் முன்னே வந்து நிற்காதவரை அவனால் உரிமை பெற முடியாது, ஒளிந்துகொண்டிருப்பவன் என்றைக்கும் பயந்தேதான் வாழவேண்டும் என்பது அதன் சாரம். அன்றைக்கும் கொஞ்சம் படித்து, வேலை கிடைத்து, பட்டணத்துக்கு வந்தவர்கள் சாதியைச் சொல்லாமல் மறைத்து வாழ்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் படித்தவர்கள் எல்லாம் மறைந்துகொண்டால் சேரியில் இருப்பவர்களுக்காக மனு எழுத யார் இருப்பார்கள்?

மனு என்று சும்மா சொல்லவில்லை. அதே 1893-ல், வெள்ளைக்காரன் ஆட்சியில் உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. இங்கே நடத்தினால் யார் தேர்வாகி வந்து நம் தலைமேல் உட்காருவார்கள் என்று சீனிவாசனுக்குத் தெரியும். 3412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீளத்துக்கு ஒரு எதிர்ப்பு மனு தயாரித்து லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அத்தனை பேர் 'நாங்கள் இன்னார்' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெயரை மறைத்துக்கொண்டு அந்த மனுவில் எவரும் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. நான் ஏன் சீனிவாசன் பக்கம் நிற்கிறேன் என்றால் இதனால்தான்.

பெயரை மாற்றிக்கொண்டால் இழிவு போய்விடும் என்ற வழியையும் நாம் முயன்று பார்த்துவிட்டோம். பஞ்சமர் என்றார்கள். எம்.சி. ராஜா போராடி 1922-ல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து 'ஆதிதிராவிடர்' என்று மாற்ற வைத்தார். அது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காந்தி ஹரிஜன் என்றார். அந்தப் பெயரைச் சட்டத்தில் எழுதியபோது, 1938-ல் பம்பாய் சட்டசபையிலிருந்து அம்பேத்கர் தன் கட்சியினரோடு வெளிநடப்பே செய்தார். அப்புறம் எஸ்.சி. என்று வந்தது. அது ஒரு அரசாங்கப் பட்டியலின் பெயர், அவ்வளவுதான். இன்றைக்கு எந்த ஆபீஸிலாவது 'அவர் எஸ்.சி.' என்று ஒருவர் சொல்லும்போது கவனித்துப் பாருங்கள், குரல் தானாகத் தாழும். 'காலனி' என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாதாரண வார்த்தை. வங்கி ஊழியர் காலனியும் உண்டு, ரயில்வே காலனியும் உண்டு. ஆனால் 'காலனிப் பசங்க' என்றால் யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல் வசையாகிவிட்டது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டசபையில் சொல்லி, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்க வேண்டிவந்தது.

எந்தப் பெயரை வைத்தாலும் கொஞ்ச நாளில் அதிலும் அழுக்கைப் பூசிவிடுகிறார்கள். ஏனென்றால் அழுக்கு பெயரில் இல்லை, சொல்கிறவர் மனதில் இருக்கிறது. அப்படியிருக்க நாம் எத்தனை தடவை பெயரை மாற்றிக்கொண்டு ஓடுவது?

வடக்கேயும் இதுதான் நடக்கிறது. சஹாரன்பூர் பக்கம் கட்கௌலி என்ற கிராமத்தில் இளைஞர்கள் ஊர் எல்லையில் 'தி கிரேட் சமார்' என்று பலகை வைத்தார்கள். சமார் என்பது அங்கே உள்ள தலித் சாதி ஒன்றின் பெயர். 2016-ல் அதில் மை பூசிப் பெரிய தகராறு ஆனது. பலகை மறுபடி எழுந்தது. பீம் ஆர்மி என்ற தலித் இளைஞர் அமைப்பை வெளியுலகம் கவனிக்க அந்தப் பலகையும் ஒரு காரணம். பஞ்சாபில் கின்னி மாஹி என்ற இளம்பெண் அதே சாதிப் பெயரை மேடையில் பெருமையாகப் பாடுகிறார். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குள்ளும் இந்த வாதம் ஓயவில்லை. அவர்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லுக்கு 2007-ல் டெட்ராய்ட் நகரில் சவப்பெட்டி வைத்து இறுதி ஊர்வலமே நடத்தினார்கள். ஆனாலும் ராப் பாட்டில் அது இன்றுவரை ஒலிக்கிறது. ஆக, எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரே முடிவு எங்கேயும் இல்லை.

நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. பறை. சாவு வீட்டில் அடிக்கச் சொல்லி நம் ஆட்களைக் கட்டாயப்படுத்தினார்கள். கூலியாக நெல்லோ கள்ளோ கொடுத்தார்கள். இனி அடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கிப்போட்ட ஊர்கள் உண்டு. அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. அது சரியான முடிவு. அப்புறம் அடுத்த தலைமுறையில் சிலர் அதே பறையைத் தாங்களாகவே கையில் எடுத்தார்கள். கலைக்குழுக்கள் வந்தன, பெண்களும் தோளில் மாட்டி அடித்தார்கள். எங்கள் ஊரில் ஒரு நிகழ்ச்சிக்கு முன்பு வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். தோல் சூடேறி இறுகும். விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை வந்ததும் இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் கட்டையான அடிக்குச்சி என்று பிடித்து முதல் அடி விழும்போது கேட்கிறவனுக்குக் காலே நிற்காது. 2025-ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மனம் நிறைந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பறையை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஐ.டி. கம்பெனி பொங்கல் விழாவில் பறை, கல்லூரி ஆண்டு விழாவில் பறை, வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்தில் பறை. 'தமிழரின் ஆதி இசை' என்று தொகுப்பாளர் அறிவிப்பார். அதை அடித்துக் காப்பாற்றிய சாதியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார். தோல்கருவி வேண்டும், அதைத் தூக்கிச் சுமந்த மனிதன் வேண்டாம். அதே பார்வையாளர்களில் ஒருவர் நாளைக்கு வாடகைக்கு வீடு விடும்போது 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்பார். அதனால்தான் மேடையில் ஏறும் நம் பிள்ளைகள் கருவியின் பெயரோடு தங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

சிலர் இதற்குப் புறநானூற்றை ஆதாரம் காட்டுவார்கள். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் பாடியிருக்கிறார் என்பார்கள். உண்மைதான், படிக்க எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் பாட்டே இல்லாமல் போயிருந்தாலும் நமக்கு மரியாதை உண்டு. ரெண்டாயிரம் வருடப் பழைய சான்றிதழைக் காட்டித்தான் மனிதன் என்று நிரூபிக்க வேண்டும் என்றால், சான்றிதழ் இல்லாதவன் எங்கே போவான்?

அடுத்து, வேறு சாதி நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டது. 'நீங்களே சொல்லிக்கிறீங்க, நாங்க பாசமா சொன்னா மட்டும் தப்பா?' ஆமாம், தப்புதான். இது நான் வைத்த சட்டமும் இல்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் செய்தால் என்றுதான் அதில் குற்றங்களே ஆரம்பிக்கின்றன. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதும் அதில் ஒன்று. 'அது எங்கள் ஊரில் வெறும் சாதிப் பெயர்தானே' என்ற சாக்கையும் உச்ச நீதிமன்றம் 2008-ல் ஒரு வழக்கில் ஏற்கவில்லை. அவமானப்படுத்தும் எண்ணத்தோடு 'சமார்' என்று சொன்னாலே குற்றம் என்று சொல்லிவிட்டது. யார் சொல்கிறார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதைச் சட்டமே பார்க்கும்போது நட்பு மட்டும் பார்க்காமல் இருக்க முடியாது. பாசத்தைக் காட்ட எத்தனையோ வழி இருக்கிறது. 'மச்சான்' என்று கூப்பிடுங்கள், வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள்.

இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு. டி-ஷர்ட்டில் எழுதுவது எல்லாம் ஆம்பளைப் பெயர்தான். பெண்பால் சொல்லை யாரும் அச்சடிக்கவில்லை. ஏன் என்று யோசித்தீர்களா? அந்தச் சொல்லைச் சொல்லி நம் அம்மாவையும் அக்காவையும் திட்டும்போது அதில் சாதி மட்டும் இருக்காது, உடம்பும் சேர்ந்திருக்கும். வயல் வேலைக்குப் போன எங்கள் ஆத்தாவை அந்தச் சொல்லால் கூப்பிட்டவன் கை எங்கே நீண்டது என்பது வீட்டுப் பெண்களுக்கு மட்டும் தெரியும். ஆகவே ஆண்கள் நெஞ்சை நிமிர்த்தி எடுத்துக்கொள்ளும் பெயரை நம் பெண்கள் எடுப்பார்களா, எப்போது எடுப்பார்கள் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள், வாதாடாதீர்கள்.

பெயரைச் சொல்லாதவர்களைக் கோழை என்று பேசுவதையும் நிறுத்துங்கள். சென்னையில் வீடு தேடும் தங்கச்சியும், தனியார் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த தம்பியும், கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கும் அத்தையும் எங்கே சொல்ல வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டுத்தான் வாழ்கிறார்கள். பெயர் சொன்னதற்காக வேலை போனால் இன்ஸ்டாவில் லைக் போட்டவர்கள் சோறு போட மாட்டார்கள். நானும் எல்லா இடத்திலும் சொல்வதில்லை. சொல்ல முடிகிற இடத்தில், சொல்ல முடியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

சீனிவாசன் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை என்பதை மறக்காதீர்கள். ஏழு வருடம் பத்திரிகை நடத்தினார். பின்னாளில் சட்டசபைக்குப் போய், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று 1924-ல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு லண்டன் போனார். அவர் தீர்மானம் கொண்டுவந்து கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது.

அந்தப் பெயரைப் போட்டிருக்கும் பிள்ளைகளே, உங்கள் ஊர் ஆதிதிராவிடர் நல விடுதிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், ராத்திரிச் சோறு எப்படி இருக்கிறது என்று அங்கே தங்கியிருக்கும் தம்பிகளிடம் கேளுங்கள். குறை இருந்தால் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவின் அடியில் என்ன பெயர் போட்டுக் கையெழுத்திடுவது என்பது உங்கள் இஷ்டம். எழுதத் தெரியாவிட்டால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்து எழுதலாம்.