புடையன் கடியும் ஊசிப் பயமும்
பாம்புக்கடி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நல்லது. ஆனால் பாம்பு விசமுறிவு மருந்தால் வரும் ஒவ்வாமையைத் தடுப்பது பற்றிக் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். வன்னியில் இருக்கிற எங்களுக்கு அதுதான் முக்கியம். இங்கே ஆட்கள் புடையன் பாம்புக்கு (கண்ணாடி விரியன்) பயப்படும் அளவுக்கு விசமுறிவு மருந்துக்கும் பயப்படுகிறார்கள். மருந்து ஏறத் தொடங்கியதும் உடம்பெல்லாம் தடித்துச் சொறியும், குளிர் பிடித்துக் கட்டிலே ஆடும். அதைப் பார்த்த ஒருவர் ஊரில் வந்து சொன்னால் போதும், அடுத்த ஆள் நேரே விசகடி வைத்தியர் வீட்டுப் படலையைத்தான் திறப்பார்.

அந்த ஆய்வில் 1,007 பேர். முக்கால்வாசிப் பேருக்கு ஒவ்வாமை வந்தது, ஆகவே ஊராரின் பயம் வெறும் கதையில்லை. ஆனால் முறிவு மருந்துக்கு முன் தோலின் கீழ் கொஞ்சம் அட்ரினலின் ஊசி போட்டபோது, முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. ஒவ்வாமைக்குக் கொடுக்கிற மற்ற மருந்துகளான ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெத்தசினும் அப்படிப் பலன் தரவில்லை.

சரி, எட்டடி விரியனை (கட்டுவிரியன் பாம்பு) ஏன் விட்டீர்கள்? காவல் கொட்டில் தரையில் படுத்தவனை அது கடித்தால் பெரிதாக வலிக்காது, வீக்கமும் இராது. விடிய வயிற்றுவலி என்று எழும்புவான், கண்ணிமை தூக்க வராது. இதையும் சேர்த்து எழுதினால் எங்கள் கமக்காரர் கூட்டத்தில் வாசித்துக் காட்டலாம்.