கத்துகிற கிளிக்குப் பதில் சொல்லுங்கள்

போன வருஷம் ஜூலை மாதம், ராத்திரி ஏழரை மணி இருக்கும். கீழ் வீட்டு மாமி படியேறி வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, தப்பா நினைச்சுக்காதே. உங்காத்துல யாராவது யாரையாவது அடிக்கறாளா?"

யாரும் யாரையும் அடிக்கவில்லை. எங்கள் கிளி கத்திக்கொண்டிருந்தது.

நாங்கள் இருப்பது சென்னை ஆதம்பாக்கத்தில். தலைக்கு மேலே விமானம் இறங்கும். ரயில் ஹாரன் கேட்கும். ஆடி மாதம் பிறந்துவிட்டால் விடியற்காலை நாலரைக்கே அம்மன் பாட்டு. இத்தனைக்கும் நடுவில் குறட்டை விட்டுத் தூங்குகிற எங்கள் ஃபிளாட்காரர்களால், நூறு கிராம் சொச்சம் எடையுள்ள ஒரு பறவையைத் தாங்க முடியவில்லை. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் "பறவை வளர்ப்போர் கவனத்திற்கு" என்று ஒரு செய்தி வந்தது. எங்கள் பிளாக்கில் பறவை வளர்ப்பது நாங்கள் மட்டும்தான்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. எங்கள் பூந்தி, சன் கனூர் என்கிற வெளிநாட்டுக் கிளி. மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பார்க்க அத்தனை அழகு. வாயைத் திறந்தால் தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். இதன் பூர்விகம் கயானாவும் வட பிரேசிலும். அங்கே கூட்டமாகப் பறந்துகொண்டு, மரங்களைத் தாண்டி ஒன்றையொன்று கூப்பிடுவதற்காக அமைந்த குரல் அது. அதை அறுநூறு சதுர அடி ஃபிளாட்டில் கொண்டுவந்து வைத்தது நாம். கடையில் விற்கும்போது நிறத்தைக் காட்டுவார்களே தவிர, குரலைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். இருபத்தைந்து, முப்பது வருஷம் வாழக்கூடியது என்பதையும் சொல்ல மாட்டார்கள்.

வாங்கியது என் மகன். பிளஸ் ஒன் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கினான். இரண்டு வருஷம் அவன் தோளிலேயே வளர்ந்தது. ஜூன் மாதம் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். கிளி எனக்கு வந்து சேர்ந்தது. பையன்கள் வாங்குகிற கிளியும் நாய்க்குட்டியும் கடைசியில் யாரிடம் வந்து சேரும் என்று அம்மாக்களுக்குத் தெரியும்.

அவன் போன மூன்றாம் நாள் ஆரம்பித்தது கத்தல். நான் அடுப்படிக்குப் போனால் கத்தும். பாத்ரூம் கதவைச் சாத்தினால் கத்தும். செருப்பை எடுக்கிற சத்தம் கேட்டால் போதும்.

நான் செய்த முதல் காரியம், பதிலுக்குக் கத்தியது. "பூந்தி! சும்மா இரு!" என்று ஹாலிலிருந்து ஒரு அதட்டல். அது இன்னும் சத்தமாகக் கத்தியது. நான் இன்னும் சத்தமாக. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அதைப் பொறுத்தவரை அது திட்டே இல்லை. ஒரு ஆள் குரல் கொடுத்தால் இன்னொரு ஆள் குரல் கொடுக்கிறார், கூட்டம் என்றால் இப்படித்தானே இருக்கும்? அடுத்து, பகலிலேயே கூண்டின் மேல் பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன். கொஞ்ச நேரம் அடங்கும். எடுத்ததும் வட்டியோடு கத்தும். இதற்கு நடுவே என் கணவர் தன் பங்குக்கு, அது கத்தும்போதெல்லாம் ஓடிப்போய் ஒரு முந்திரியை நீட்டி வாயை அடைப்பார். கத்தினால் முந்திரி கிடைக்கும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் அவர்தான்.

"ராத்திரி சோறு போடாம விட்டுப் பாருங்க" என்று அசோசியேஷனில் ஒருவர் யோசனை சொன்னார். அதை மாமியிடம் சொல்லிப் புலம்பியபோதுதான் மாமி முதல் முறையாகச் சிரித்தார். "ஆண்டாள் பாட்டுலயே வருமேடி. கூண்டுக் கிளி கோவிந்தா கோவிந்தான்னு கூப்பிட்டுண்டே இருக்கும். சாப்பாடு போடாம தண்டிச்சா, உலகளந்தான்னு இன்னும் உரக்கக் கத்தும்." ஆயிரம் வருஷத்துக்கு முன்பே யாரோ பட்டினி போட்டுப் பார்த்திருக்கிறார்கள், பலிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

விஷயம் பிடிபட்டது ஒரு வீடியோ காலில். பேச்சுவாக்கில் மகன் வழக்கமான விசிலை அடித்தான். இரண்டு ஸ்வரம், கீழிருந்து மேலே. பூந்தி கத்துவதைச் சட்டென்று நிறுத்தியது. கழுத்தைச் சாய்த்து போனைப் பார்த்தது. அப்புறம் கூண்டுக் கம்பியோடு நகர்ந்து நகர்ந்து, போனுக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தது. அவன் அங்கே இல்லை. ஒரு சின்ன சத்தம் கொடுத்தது, நான் அதுவரை கேட்காத சத்தம். எனக்கு என்னவோ செய்தது.

"நான் ரூம்ல படிக்கும்போது இந்த விசில் அடிப்பேன்மா. அது ஹால்லேருந்து பதில் சொல்லும். அவ்ளோதான்" என்றான்.

அவ்வளவுதான். கிளிகள் கூட்டமாக வாழ்கிறவை. கண்ணுக்கு மறைந்த துணையை "எங்கே இருக்கே?" என்று கூப்பிடும். "இங்கேதான்" என்று பதில் வந்தால் தன் வேலையைப் பார்க்கும். வராவிட்டால் குரலை உயர்த்தும். காட்டில் கூட்டத்தை விட்டுத் தனித்துப்போன பறவை வேறு என்ன செய்யும்? இரண்டு மாதமாக அது என் மகனைக் கேட்டுக்கொண்டிருந்தது, நான் பெட்ஷீட்டைப் போட்டு மூடிக்கொண்டிருந்தேன்.

அதனால் என் கட்சி இதுதான். கிளியை எப்படிக் கத்தாமல் செய்வது என்று கேட்காதீர்கள். எதைக் கேட்டுக் கத்துகிறது என்று பாருங்கள்.

நாற்பத்தேழு வயதில் விசில் அடிக்கப் பழகினேன். அடுப்படியிலிருந்து அடிப்பேன், மாடியில் துணி காயப்போடும்போது அடிப்பேன். ஆனால் அது அலறும்போது அடிப்பதில்லை. அலறல் ஓய்ந்து மூச்சு விடுகிற இடைவெளியில் அடிப்பேன். முதலில் மூன்று விநாடி அமைதி கிடைத்தாலே போதும் என்று வைத்துக்கொண்டேன். பிறகு பத்து விநாடி. அது விசிலைப் போலவே சின்னதாகச் சத்தம் கொடுத்தால் உடனே பக்கத்தில் போய் நின்று பேசுவேன். முந்திரிக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், கத்தும்போது கூண்டுப் பக்கம் போனால் உங்களுக்குக் காபி கிடையாது என்று. முதல் வாரம் முன்பைவிட மோசமாகக் கத்தியது. வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காவிட்டால் யாரும் முதலில் குரலைத்தான் உயர்த்துவார்கள். அந்த ஒரு வாரத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் ஆறாம் நாள் கைவிடுகிற நிலையில்தான் இருந்தேன்.

கூண்டையும் இடம் மாற்றினேன். "காத்தோட்டமா இருக்கட்டும்" என்று பால்கனி நடுவில் தொங்கவிட்டிருந்தேன். நமக்குத்தான் அது காற்றோட்டம். நாலு பக்கமும் திறந்து கிடக்கிற இடத்தில், எந்தப் பக்கத்திலிருந்து காக்கா வரும் என்று நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் அதற்கு. இப்போது ஹால் மூலையில், முதுகுக்குச் சுவர் இருக்கிற மாதிரி, நம் கண் உயரத்தில் வைத்திருக்கிறேன். கூண்டும் பழைய கோபுரக் கூண்டு இல்லை. கிளி மேலே கீழே பறப்பதில்லை, பக்கவாட்டில்தான் பறக்கும். உயரத்தைவிட அகலம் முக்கியம்.

உள்ளே கடைக்காரர் போட்டுக் கொடுத்த வழவழப்பான கட்டை இரண்டு இருந்தது, இரண்டும் ஒரே பருமன். நாள் பூராவும் ஒரே அளவு கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால் பாதத்தில் புண் வரும். மாமி வீட்டுப் பக்கம் ஒரு முருங்கை மரம் இருக்கிறது. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். மருந்து அடிக்காத மரம், வேண்டிய மட்டும் எடுத்துக்கோ என்றார். ஒல்லியும் தடியுமாக, கோணலும் மாணலுமாக நாலு கிளை. கழுவிக் காயவைத்துக் கட்டினேன். உட்காருவதற்கு என்று கட்டினால், அரை மணியில் ஒரு கிளையின் பட்டையை முழுக்க உரித்துத் தரையெல்லாம் இறைத்துவிட்டது. அந்த அரை மணியும் ஒரு சத்தம் இல்லை. நான் பெருக்குமாறை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கு வேலை இல்லை. காட்டில் கிளிக்கு ஒரு நாளில் பெரும்பொழுது தீனி தேடுவதிலேயே போகும். நம் வீட்டில் காலையில் கிண்ணம் நிறைய சூரியகாந்தி விதை. பத்து நிமிஷத்தில் வயிறு நிறைந்துவிடும், கொழுப்பும் ஏறும். மீதி நாளெல்லாம் என்ன செய்யும்? வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷனே கத்துகிறான்.

இப்போது கிண்ணத்தில் பாதிதான். மீதியை ஒளித்து வைக்கிறேன். தினையைத் துண்டுக் காகிதத்தில் வைத்து, நம் பெட்டிக்கடையில் சுண்டல் மடிக்கிற மாதிரி பொட்டலம் கட்டுவேன். கொட்டாங்குச்சியில் முளைகட்டிய பயறைப் போட்டு மேலே கொய்யா இலையைத் திணிப்பேன். சோளக்கதிரை உரிக்காமல் அப்படியே கம்பியில் செருகுவேன். பொட்டலத்தை அது பிரிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஒற்றைக் காலால் பிடித்துக்கொண்டு, அலகால் ஓரத்தைக் கிழித்து, ஒரு கண்ணால் உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி கிழித்து. ஒரு பொட்டலத்துக்குக் கால் மணி நேரம். பச்சை மிளகாய் கொடுத்தால் கடலை மிட்டாய் மாதிரி தின்னும்; பறவைக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. காபி டம்ளரிலும் மூக்கை விட வரும், ஆனால் காபி, சாக்லேட், அவகாடோ மூன்றும் அதற்கு விஷம்.

தூக்கம் இன்னொன்று. கிளிக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேர இருட்டு வேண்டும். எங்கள் வீட்டில் சீரியல் முடியப் பத்தரை ஆகும். தூக்கம் கெட்ட குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். இப்போது ஏழரை மணிக்கு உள் ரூமில் ஒரு சின்னக் கூண்டில் விட்டு, துணி போட்டு மூடி, லைட்டை அணைத்துவிடுவோம். பெட்ஷீட்டுக்கு இப்போதுதான் சரியான வேலை கிடைத்திருக்கிறது.

தினமும் ஒரு மணி நேரம் வெளியே விட வேண்டும். அந்த நேரம் ஃபேன் ஓடக் கூடாது. மே மாதச் சென்னையில், ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்வை வழிய ஒரு மணி நேரம் கிளியோடு உட்கார்ந்து பாருங்கள், பாசம் என்றால் என்ன என்று தெரியும். ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், விருந்தாளிகள் பழக்கதோஷத்தில் போட்டுவிடுகிறார்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லையும் தூக்கிப் போட்டாயிற்று. அது அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும். பழைய இரும்புக் கல் திரும்ப வந்தது, தோசையும் நன்றாகத்தான் வருகிறது.

கண்ணாடி மாட்டுங்கள், ஜோடி வாங்குங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். கண்ணாடிக்குள் இருக்கிற கிளி ஒருநாளும் பதில் சொல்லப்போவதில்லை. ஜோடி வாங்கினால் அது இரண்டாவது கிளி, இரண்டாவது குரல், இன்னொரு முப்பது வருஷம். ஒன்றுக்கே நேரம் இல்லாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கத்துகிற கிளியைவிட எனக்குப் பயம் கத்தாத கிளியிடம்தான். நவம்பரில் ஒரு நாள் காலை முதல் பூந்தி வாயே திறக்கவில்லை. "அப்பாடா" என்றார் கணவர். பார்த்தால் சிறகையெல்லாம் உப்பிக்கொண்டு, பகலில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது. பறவைகள் கடைசி வரைக்கும் நோயை மறைக்கும். வெளியே தெரிகிறது என்றால் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று அர்த்தம். ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்தது. நான்காம் நாள் காலையில் அது போட்ட முதல் கத்தலைக் கேட்டு நான் அழுதேன், இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

"கூண்டில் அடைத்துவிட்டு சந்தோஷத்தைப் பற்றிப் பேசுகிறாயா, திறந்து விடு" என்று சிலர் எழுதுவீர்கள். பாதி சரி. இன்னொரு கிளி நான் வாங்க மாட்டேன், யாரையும் வாங்கவும் சொல்ல மாட்டேன். ஆனால் கூண்டிலேயே பிறந்த இதை ஆதம்பாக்கத்தில் திறந்து விட்டால் சாயங்காலத்துக்குள் காக்காய் முடித்துவிடும். நம் ஊர்ப் பச்சைக்கிளி கதையே வேறு. அதைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "பாட்டி காலத்திலிருந்து வளர்க்கிறோம்" என்பதெல்லாம் செல்லாது. வெளிநாட்டுக் கிளிகளிலும் சன் கனூர் மாதிரி சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவற்றை 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கி வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள்.

பூந்தி இப்போதும் கத்துகிறது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். சாயங்காலம் ஐந்தே முக்கால் வாக்கில் பச்சைக்கிளிக் கூட்டம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே பரங்கிமலைப் பக்கம் போகும். இது ஹாலிலிருந்து அவற்றுக்குப் பதில் சொல்லும், அவை போய் ரொம்ப நேரம் ஆன பிறகும். கால் மணி நேரம். அதை நிறுத்த நான் முயன்றதே இல்லை. மாமியிடமும் சொல்லிவிட்டேன், அந்தக் கால் மணி நேரத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது மாமி என்று.

மாமி இப்போது மறுநாள் இட்லிக்கு மாவு அரைக்க கிரைண்டர் போடுவது அந்த நேரத்தில்தான்.