வாங்கிய படம் எங்கே போனது?

என் அலமாரியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எல்லாமே ஓடிடியில் கிடைக்கும்போது இன்னும் எதற்கு டிவிடி, ப்ளூ-ரே என்று டிஸ்க்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தளத்தில் ஒரு படத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். வாடகைக்கு எடுக்கவில்லை, 'வாங்கு' என்று போட்டிருந்த பொத்தானை அழுத்தி வாங்கினேன். ஒருநாள் ராத்திரி அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று தேடினால் படம் இல்லை, அதைக் காட்ட அந்தத் தளத்துக்கு இருந்த உரிமம் முடிந்துவிட்டதாம். அப்புறம் அதே படத்தின் பழைய டிவிடியைத் தேடிப் பிடித்து வாங்கித்தான் அம்மாவுக்குக் காட்டினேன். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கொடுப்பது பயன்படுத்துகிற உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் சரக்கை 'வாங்கு' என்று சொல்லி விற்கக் கூடாது. ஒரு சட்டமே போட வேண்டியிருக்கிறது என்றால் எத்தனை பேர் என்னைப் போல நம்பி ஏமாந்திருப்பார்கள்!

ஓடிடி நிறுவனங்கள் தங்கள் சொந்தப் படத்தையே கூடத் தூக்கிவிடுகிறார்கள். 2023 மே மாதம் டிஸ்னி பிளஸ்ஸில் வந்த டிஸ்னியின் 'கிரேட்டர்' (Crater) படம் ஜூன் கடைசியில் அங்கே இல்லை. ஏழு வாரம்தான். எத்தனை பேருடைய உழைப்பு அது.

சரி, தரத்துக்கு வருவோம். நெட்ஃப்ளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்கிற இணைய வேகம் வினாடிக்கு 15 மெகாபிட். டிவிடிக்கு அப்புறம் வந்த டிஸ்க் வகையான ப்ளூ-ரேயின் 4கே பதிப்பில், படத்தின் தகவல் வருகிற வேகம் வினாடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம், ஒரு டிஸ்க்கில் 100 ஜிபி வரை கொள்ளும். எண்களை விடுங்கள், இருட்டுக் காட்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அறையில் ஒற்றை விளக்கு, பின்னால் சுவர். ஓடிடியில் அந்த வெளிச்சம் சுவரில் வளையம் வளையமாக உடைந்து தெரியும், மூலையில் இருக்கிற கறுப்பு கட்டம் கட்டமாக அசையும். டிஸ்க்கில் அதே வெளிச்சம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் இருட்டில் கரையும். ஒளிப்பதிவாளர் நமக்குக் காட்ட நினைத்தது அதைத்தான். ஒலியும் அப்படித்தான், டிஸ்க்கில் சுருக்கத்தில் எதையும் இழக்காத ஒலித்தடம் இருக்கும், ஓடிடியில் வருவது இழப்போடு சுருக்கியது.

இயக்குநர் படம் முழுக்கக் கூடவே பேசிக்கொண்டு வருகிற கமென்ட்ரி டிராக்கும் பல டிஸ்க்குகளில் உண்டு. ஒரு ஷாட்டை ஏன் அங்கே வெட்டினார்கள் என்று எனக்குப் புரிய ஆரம்பித்ததே அதைக் கேட்டுத்தான்.

டிஸ்க்கும் கெடும், இல்லை என்று சொல்லவில்லை. விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கவே கூடாது. டிஸ்க்கில் தகவல் சுற்றிச் சுற்றிப் பதிந்திருக்கும், அந்தத் தடத்தோடு ஓடுகிற கீறல் விழுந்தால் பிளேயரால் அதைச் சரிக்கட்டிப் படிப்பது கஷ்டம்.

என் கவலை பிளேயர்களைப் பற்றித்தான். அமெரிக்கச் சந்தைக்குப் புதிய ப்ளூ-ரே பிளேயர்கள் கொண்டுவருவதை சாம்சங் 2019-லேயே நிறுத்திவிட்டது. 1998-இல் தொடங்கிய நெட்ஃப்ளிக்ஸின் தபாலில் டிவிடி அனுப்புகிற வாடகைச் சேவை 2023 செப்டம்பரோடு முடிந்துபோனது. அதனால் இன்னொரு பிளேயர் வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

வீட்டை ஒழிக்கும்போது பழைய டிஸ்க்குகள் அகப்பட்டால் குப்பையில் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். உறை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.